நாவலர் பெருமானும் நன்கொடை விண்ணப்பமும்

நல்லூர் ஆறுமுக நாவலரைப் பற்றி இத்தகைய மலர்களிற் கட்டுரை வராத ஆண்டு அரிது. தமிழ் வசனநடையைச் செப்பஞ் செய்தவர், ஏடுகளை ஆராய்ந்து பதிப்பித்தவர், கோயிற் பிரசங்கத்தை ஒரு கல்விமுறையாக்கியவர், சைவப் பாடசாலைகளுக்கு வித்திட்டவர் என்றெல்லாம் அன்னாரைப் போற்றுகின்றோம். ஆயினும் அன்னார் வாழ்க்கையில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் இடையறாது நிகழ்ந்த ஒரு செயல் அக்கட்டுரைகளில் ஒரு வரியிற் கழிந்துபோகின்றது. அது பணங் கேட்டல். பாடசாலைக்கும், அச்சியந்திரசாலைக்கும், பஞ்சத்தால் வாடியோருக்கும் ஊராரிடத்திலும் வணிகரிடத்திலும் பிரபுக்களிடத்திலும் துரைத்தனத்தாரிடத்திலும் அவர் கேட்டார். சிலவிடத்துப் பெற்றார், சிலவிடத்து மறுக்கப்பட்டார், ஓரிடத்தில் இருபதாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து பெற்றார்.

வற்றாப்பளையிற் பிறந்து இந்துக் கல்லூரியிற் கற்ற இக்கட்டுரையாளன் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணமுண்டு. 2009ஆம் ஆண்டிலே போரின் இறுதிக் கட்டம் நந்திக்கடலின் கரையை அண்டியே நிகழ்ந்தது. இடம்பெயர்ந்து மீண்டு வந்து குடியேறிய எங்கள் ஊர்கள் பாடசாலைக் கட்டிடம் முதற் குடிநீர்க் கிணறு ஈறாக எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் எழுதவேண்டியவை ஆயின. இக்காலத்தில் அதனைத் திட்ட முன்மொழிவு என்கின்றனர். அதிபரும் ஆசிரியரும் பழைய மாணவர் சங்கச் செயலாளரும் நிறைந்த கல்வியுடையோராயிருந்தும், அப்படிவம் முன்னே வந்தவுடன் கை தளர்கின்றனர். கேட்பது இரத்தல் போலாகுமே என்னுங் கூச்சம் ஒருபுறம். எவரிடத்தில் எதனை எப்படிக் கேட்பதென்று தெரியாமை மற்றொருபுறம். இவ்விரண்டும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னிருந்த வண்ணார்பண்ணைச் சைவரிடத்திலும் இருந்தன. அவற்றினின்றும் அவர்களை வெளியே கொணர முயன்றவர் நாவலர். ஆதலின் அன்னார் சரித்திரத்தை இம்முறை அவ்வழியே சொல்லிப் பார்க்கலாம்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் தேதி நல்லூரிற் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராகப் பிறந்தார். தமிழை ஊரிலுள்ள புலவர்களிடத்தும், ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலுங் கற்றார். அப்பாடசாலையிலேயே ஆசிரியருமானார். அதன் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபோது அப்பணியில் அவருக்குத் துணை நின்றார். பாதிரியாருடன் சென்னைக்குஞ் சென்று வந்தார். திருநீறு தரித்த சைவ இளைஞர் ஒருவர் கிறித்தவ வேதத்தை மொழிபெயர்க்கத் துணை நின்றது எங்ஙனமெனச் சிலர் வியப்பர். வியப்பு ஒருபுறமிருக்க, அவ்வாண்டுகளில் அவர் பெற்ற வேறொரு பயிற்சியை நாம் கவனித்தல் வேண்டும்.

மிஷன் என்பது சமயப் பிரசார சபை மட்டுமன்று. பணத்தைத் திரட்டி, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பி, அதற்குக் கணக்கும் அறிக்கையுங் கொடுக்கும் பெரிய இயந்திரமுமாகும். அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்திலிருந்து பொஸ்தன் நகரிலுள்ள தம் தலைமைச் சங்கத்துக்குத் தவறாது கடிதம் வரைந்தனர். எத்தனை பாடசாலை, எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் எந்நூலைக் கற்றனர் என்பன அக்கடிதங்களில் இலக்கமிட்டுக் காட்டப்பட்டன. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிக்கு அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடும் உரிமையும் அளிக்கப்பட்டது. அக்காலத்து யாழ்ப்பாணத் தமிழர் சிலருடைய பெயர்களின் முன்னே நிற்கும் ஆங்கிலப் பெயர்களிற் பல இவ்வழியே வந்தவை. கொடுப்பவன் தன் கொடையின் பயனைக் கண்ணாற் காணும்படி செய்தலில் அப்பாதிரிமார் வல்லவர். இதனை அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து பல்லாண்டு பார்த்தவர் நாவலர்.

துரைத்தனத்தாரின் பணமும் அப்பாடசாலைகளுக்கே சென்றது. இலங்கையில் 1841ஆம் ஆண்டு மத்திய பாடசாலை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கிறித்தவப் பிரிவுகளைச் சார்ந்தோர் அதிற் பங்குகொண்டனர். சைவருக்கும் பௌத்தருக்கும் அங்கே குரலில்லை. அரசாங்கம் தனியார் பாடசாலைக்கு அளிக்கும் பணத்தை ஈழத்தில் உதவி நன்கொடை என்று வழங்குவர். வரியிறுப்போர் பெரும்பாலும் சைவராகவும், அவ்வரியினின்றும் வரும் உதவி நன்கொடை மிஷன் பாடசாலைக்கே உரியதாகவும் இருந்தது. சைவப் பிள்ளை கல்வி பெறவேண்டுமானால் நீற்றை அழித்து விவிலிய வகுப்பில் அமர வேண்டும். அல்லது கல்வியை விடவேண்டும். உத்தியோகமோ ஆங்கிலங் கற்றவனுக்கே கிடைத்தது. நாவலர் கேட்கத் தொடங்கியது தமக்காகவன்று, இந்த இக்கட்டில் அகப்பட்ட பிள்ளைகளுக்காக என்பதை மனத்தில் இருத்தினால், அவருடைய பிற்காலத்துப் பிடிவாதம் விளங்கும்.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே முதற் பிரசங்கத்தைச் செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. மறுவருடம், 1848இல், சைவப்பிரகாச வித்தியாசாலையை வண்ணார்பண்ணையில் நிறுவினார். மிஷன் உத்தியோகத்தையும் அவ்வாண்டிலேயே துறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கையிற் பொருளில்லை, இல்லறம் புகவில்லை, பின்னரும் புகாதிருந்தார்.

இங்கே அவர் செய்தவற்றின் வரிசையை நோக்குதல் தகும். முதலிற் பிரசங்கம், பின்னரே பாடசாலை. எட்டு மாத காலமளவில் வெள்ளிதோறும் கேட்டவர்கள் அவரை அறிந்துகொண்டனர். அவர் கருதியது யாதென்பதையும் அறிந்துகொண்டனர். பணங் கேட்கும் நாள் வந்தபோது அவர் அந்நியராய் நிற்கவில்லை. இன்று விண்ணப்பம் எழுதுவோர் பலர் நன்கொடையாளரை முதன்முறை சந்திப்பதே விண்ணப்பக் கடிதத்தின் வாயிலாகத்தான். அது பயன்படாமற் போவதில் வியப்பில்லை.

பாடசாலை தொடங்கியபோது அவருடைய மாணவர்களே ஊதியத்தை எதிர்பாராமற் கற்பித்தனர். வண்ணார்பண்ணை வணிகர் சிலர் உதவினர். பாடசாலைக்கு அடுத்து அச்சியந்திரம். 1849இல் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அப்பிரயாணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கித்து நாவலர் என்னும் பட்டத்தையும் பெற்றார். பட்டத்தை நாம் பெரிதாகப் பேசுகின்றோம். அன்னாருக்கு அது ஒரு சான்றிதழாகவும் பயன்பட்டது என்பது என் துணிபு. யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் தமிழகத்துப் பிரபுக்களிடம் உதவி கேட்கும்போது, ஆதீனம் அளித்த பெயர் அவருக்கு முன்னே சென்று கதவைத் திறந்திருக்கும். இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் பின்னாளிற் பரிமேலழகர் உரையுடன் கூடிய திருக்குறளையும் திருக்கோவையார் உரையையும் நாவலர் பதிப்பிக்கப் பொருளுதவி செய்தார். அவ்வுதவி கிடைத்ததற்கு அவர் முன்னரே செய்துகாட்டிய பதிப்புக்களும் காரணமாம். கேட்பதற்கு முன்னரே பாதி செய்துகாட்டுதல் அவர் வழக்கம்.

அச்சியந்திரசாலையிலிருந்து 1850ஆம் ஆண்டை அடுத்துப் பாலபாடங்கள் வெளிவந்தன. சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம், 1852இற் பெரியபுராண வசனம் எனத் தொடர்ந்தன. இந்நூல்கள் தமிழுக்குச் செய்த நன்மையைப் பிறர் விரிவாக எழுதியுள்ளனர். நம் பொருளுக்கு வேண்டியது இவ்வளவே: ஒன்றன்மேலொன்றாகப் படிமுறையமைந்த அச்சுப் பாடநூல் கையிலிருந்தமையால், வண்ணார்பண்ணைப் பாடசாலையில் எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை எதுவரை கற்றான் என்று காட்டக்கூடியதாயிற்று. திண்ணைப் பள்ளியில் அது இயலாது. இதன் பெறுமதி இருபதாண்டு கழிந்தே வெளிப்பட்டது.

அவ்விருபதாண்டுக் காலத்தில் நாவலர் துரைத்தனத்தாரிடத்து உதவி நன்கொடை கேட்டுக்கேட்டுப் பெறாதிருந்தார். மனுவும் விண்ணப்பமுஞ் சென்றன, பணம் வரவில்லை. இந்நிலையில் மூன்று வழிகள் ஒருவனுக்கு உண்டு. நன்கொடைக்காகத் தன் கொள்கையை விட்டுக்கொடுக்கலாம். வெகுண்டு பாடசாலையை மூடலாம். இனி அரசினரிடங் கேட்பதில்லை என்று முகந்திருப்பிக் கொள்ளலாம். நாவலர் மூன்றையுஞ் செய்யவில்லை. பாடசாலையை ஊர்ப்பணத்தாலும் நூல் விற்பனையாலும் நடத்திக்கொண்டே, மறுபடியும் மறுபடியும் கேட்டார். மறுக்கப்பட்டவன் மீண்டுங் கேட்கும்போது அவன் குரல் தாழ்ந்துபோவது இயல்பு. அன்னாருடைய குரல் தாழாமைக்குக் காரணம், அரசினர் கொடாவிடினும் பாடசாலை நடக்கும் என்பதே. தன்னம்பிக்கை என்பது மனத்திலே தானாக ஊறுவது என்று கருதுகின்றோம். அன்னாரிடத்து அது அரிசிப் பானையிலும் அச்சுக்கூடத்திலும் இருந்தது.

ஊராரை நோக்கி அவர் விடுத்த விண்ணப்பங்கள் வேறு வகையின. அவற்றை விக்கியாபனம் என்பர். 1860களில் வெளிவந்த இத்தகைய விக்கியாபனங்களிலே தாம் எதன்பொருட்டு உத்தியோகத்தைத் துறந்தார், இதுகாறுஞ் செய்தது யாது, இனிச் செய்யக் கருதியது யாது, அதற்கு எத்தகைய உதவி வேண்டும் என்று அவர் முறையாக எடுத்துரைத்தார். சிதம்பரத்திலே 1864ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு இவ்வாறே பொருள் திரட்டினார். ஈழத்திலும் தமிழகத்திலுமிருந்து அதற்குக் கொடை வந்தது. இன்றைய படிவங்களிலுள்ள நோக்கம், முன்னனுபவம், செயற்றிட்டம், வரவுசெலவு என்னுந் தலைப்புகளைப் பார்க்கும்போது அவ்விக்கியாபனங்களே நினைவுக்கு வருகின்றன. அவர் எவரையும் பின்பற்றி எழுதினாரென நான் கூறவில்லை. கொடுப்போன் மனத்தில் எழும் கேள்விகள் எக்காலத்தும் அவையேயாம். அவற்றுக்கு விடையளிப்பவன் எழுத்தும் ஒரே வடிவத்தையே பெறும்.

கேட்கும் இடத்துக்குத் தக்கவாறு பேச்சை மாற்றுதலிலும் அவர் வல்லவர். 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலே கிறித்தவர்க்கு மறுமொழி கூறும்போது சைவாகமங்களை மட்டும் எடுத்துக்காட்டி நின்றுவிடவில்லை. எருசலேம் தேவாலயத்தில் நிகழ்ந்த கிரியைகளை அவர்களுடைய விவிலியத்திலிருந்தே எடுத்து, சைவக் கிரியைகளுடன் ஒப்பிட்டார். எதிரி ஏற்கும் பிரமாணத்தைக் கொண்டே எதிரிக்குப் பதிலிறுத்தல் தருக்க நூலார் முறை. அரசினர்க்கு விண்ணப்பிக்குமிடத்தும் அம்முறையே பயன்படும்: சைவத்தின் பெருமையை அவர்களுக்கு எழுதிப் பயனில்லை, பிள்ளைகள் வாசிப்பையும் எழுத்தையும் கணிதத்தையும் எவ்வளவு கற்றனர் என்பதே அவர்கள் ஏற்கும் பிரமாணம்.

அப்பிரமாணம் சட்டமாகும் காலமும் வந்தது. இந்தியாவில் 1854ஆம் ஆண்டின் கல்விக் கட்டளை, சமயப் பாடத்தைக் கருதாது தனியார் பாடசாலைக்கு நன்கொடை வழங்கும் முறையை ஏற்கெனவே தொடக்கியிருந்தது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு பரீட்சைப் பேற்றுக்கேற்ப நன்கொடை அளிக்கும் விதி வந்தது. இலங்கையில் 1865இற் சட்டநிரூபண சபை நியமித்த மோர்கன் குழுவினர் 1867இல் அறிக்கை சமர்ப்பித்தனர். ஆணைக்குழு ஒழிந்து, 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. இதன்பின் பரிசோதகர் ஆண்டுக்கொருமுறை வந்து, பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றிற் சோதித்து, சித்தியெய்திய தொகைக்கேற்ப நன்கொடை வழங்குவதென்று விதிக்கப்பட்டது. பாடசாலை எச்சமயத்தாருடையது என்பது அவ்விதியிற் கேட்கப்படவில்லை.

இவ்விதியைப் பற்றி இங்கிலாந்தில் அக்காலத்திலேயே பலர் குறை கூறினர். பிள்ளையின் தலைக்கு விலை வைத்ததென்றும், ஆசிரியர் பரீட்சைக்கு மட்டுமே கற்பிக்கலாயினரென்றும் அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சைவருக்கு அக்குறையுள்ள விதியே முதன்முறையாகக் கதவைத் திறந்தது. 1870ஆம் ஆண்டளவில் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலை அரசினர் உதவி நன்கொடை பெறும் பாடசாலையாயிற்று. பாடசாலை தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விதி மாறியபின்னர்ப் பாடசாலை தொடங்கியிருந்தால் இவ்வாறு நிகழ்ந்திராது. பரிசோதகர் வந்தபோது அங்கே வகுப்புகள் இருந்தன. படிமுறைப் பாடநூல் இருந்தது. பழகிய ஆசிரியர் இருந்தனர். அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வர். ஒரு நன்கொடை அறிவித்தல் பத்திரிகையில் வெளிவந்து முடிவு தேதிக்கு இரண்டு வாரமே இருக்கும்போது, பாடசாலையின் மாணவர் தொகையையும் பெறுபேற்றையும் தேடி அலையும் நம் சங்கங்களுக்கு அவ்வதிர்ஷ்டம் வருவதில்லை.

அதே 1870இற் கோப்பாயிலும் ஒரு வித்தியாசாலையை நிறுவினார். இரண்டாண்டு கழித்து, 1872இல், வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். இதுவே அன்னாருடைய முயற்சிகளில் மிகவும் துணிவானது, தோற்றதும் இதுவே. தமிழ்ப் பாடசாலைக்கு வேண்டிய செலவு சிறிது. ஆங்கிலப் பாடசாலைக்கு ஆங்கிலங் கற்ற ஆசிரியர் வேண்டும். அவர்களுக்கு மிஷனும் கச்சேரியும் கொடுக்கும் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுத்தல் வேண்டும். அண்மையில் மிஷன் ஆங்கிலப் பாடசாலையும் இருந்தது. அரசினர் நன்கொடை கிட்டவில்லை. ஊரார் உதவியும் போதவில்லை. நாலாண்டளவில் அப்பாடசாலை மூடப்பட்டது.

இதனை நாவலரின் வரலாற்றாசிரியர் சிலர் பாதிரிமாரின் சூழ்ச்சி என்று கூறி அமைவர். எதிர்ப்பு இருந்தது மெய். ஆயினும் வேறொன்றையும் நோக்கவேண்டும். தமிழ்ப் பாடசாலைக்குப் பின்னே இருபத்திரண்டு ஆண்டுச் சாதனை நின்றது. ஆங்கிலப் பாடசாலைக்குப் பின்னே நாவலர் என்னும் ஒருவரே நின்றார். அன்னார் கைப்பட்டதெல்லாம் நூல், பிரசங்கம், கோயில் விவகாரம், பாடசாலை எனப் பலவாகப் பெருகியிருந்த காலம் அது. மாதாமாதம் பணந் திரட்டிக் கணக்கு வைத்து அரசினரோடு கடிதம் நடத்த ஒரு நிலையான சபை அப்போது இல்லை. மிஷனுக்கு அது இருந்தது. ஒரு பாதிரியார் இறந்தால் மற்றொருவர் வருவார்; கடிதம் நில்லாது.

அவ்வாண்டு வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலிலே, திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் ஆட்டத்துக்கும் பணத்தை வாரியிறைத்துப் பாடசாலைக்கு ஒரு காசு கொடாத சைவர்களை நாவலர் கடிந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வரவுசெலவுக் கணக்கைக் காட்டுமாறும் 1870களில் வாதாடினார். பிறரிடத்துக் கணக்குக் கேட்டவர் தம் கணக்கைத் திறந்து வைத்திருக்கவேண்டியவர். அக்கடமையை அவர் அறிந்தே ஏற்றார். அந்நூல் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தது என்பதை வற்றாப்பளையான் மறைத்தல் முறையன்று. ஆகமத்தில் இடமில்லாத சமணப் பெண்ணுக்குச் சைவர் கோயிலெடுத்தல் தகாதென்பது அன்னார் கொள்கை. அதன்பின் யாழ்ப்பாணத்திற் பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. வன்னியிலே அது நிகழவில்லை. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் எங்கள் ஊரார் இன்றும் கண்ணகையம்மனையே தொழுகின்றனர். நாவலர் குருபூசையையும் நடத்துகின்றனர். சாதி வரம்பையும் அன்னார் கடந்தாரல்லர். அவர் திறந்த கதவு எல்லாப் பிள்ளைகளுக்குந் திறந்த கதவு அன்று என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் வாந்திபேதியும் பரவின. நாவலர் பிரபுக்களிடத்தும் வணிகரிடத்தும் பணமும் நெல்லும் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து வறியோருக்கு உணவளித்தார். பாடசாலைக்குக் கொடாத கைகளும் அப்போது நீண்டன. பசி கண்ணுக்குத் தெரியும், கல்லாமை தெரியாது. முப்பதாண்டு கேட்டுப் பழகிய ஒருவர்க்கு அவ்வேறுபாடு புதிதாயிராது. அக்காலத்து அரசாங்க ஏசண்டராயிருந்த துவைனந் துரையின் நடவடிக்கைகளையும் அவர் அஞ்சாது கண்டித்து எழுதினார். துரைத்தனத்தாரின் நன்கொடையைப் பெறும் பாடசாலையின் முகாமையாளராயிருந்துகொண்டே அவர் அவ்வாறு எழுதினார் என்பதைக் கவனிக்க. நன்கொடை பெற்றவன் வாயடைத்திருக்கவேண்டும் என்ற எண்ணம் அன்னாரிடத்து இல்லை.

1879ஆம் ஆண்டிற் சேர் முத்துக்குமாரசுவாமி இறந்தபின்னர், சட்டநிரூபண சபையின் தமிழர் இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை நியமிக்கவேண்டுமென்று நாவலர் ஆதரித்து நின்றார். இராமநாதன் நியமனம் பெற்றார். நன்கொடைச் சட்டங்கள் ஆராயப்படும் சபையிலே சைவர் ஒருவர் அமர்ந்திருத்தல் எவ்வளவு பயன் தருமென்பதை விண்ணப்பம் எழுதி எழுதிக் கைசலித்தவர் நன்கறிவார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆந் தேதி நாவலர் சிவபதமடைந்தார். வயது ஐம்பத்தேழு நிறைவதற்குச் சில நாட்களே இருந்தன.

வித்தியாசாலையையும் அச்சியந்திரசாலையையும் சதாசிவப்பிள்ளை தொடர்ந்து நடத்தினார். அடுத்த பத்தாண்டில், நாவலர் காலத்தில் இல்லாதிருந்த பொருள் உண்டாயிற்று. 1888இற் சைவபரிபாலன சபை யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்டது. வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை 1886இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பின்னர் வழக்கறிஞர் நாகலிங்கத்தின் கைக்கு வந்தது. அதனைச் சபை 1890இற் பொறுப்பேற்றது. சைவாங்கில வித்தியாசாலை மூடப்பட்டுப் பதினான்காண்டு அளவில், அதே வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி இவ்வாறு எழுந்தது. நெவின்ஸ் என்பது மிஷன் வழியாக வந்த பெயர் என்பதைச் சொல்லாமலே வாசகர் உணர்ந்திருப்பர்.

1923இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. வழக்கறிஞர் சு. இராசரத்தினம் அதன் செயலாளராயிருந்து, வடமாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் நன்கொடை பெற்று நடக்க வழிசெய்தார். அவர் அறிந்த கலை பெரும்பாலும் கடிதக் கலையே: விதியைப் படித்தல், பிள்ளைத் தொகையைச் சரியாகக் காட்டல், மறுப்பு வந்தால் மறுப்பின் காரணத்தைக் கேட்டு எழுதுதல், காரணத்தை நீக்கியபின் மறுபடி விண்ணப்பித்தல். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பொறுப்பேற்றது. முகாமையாளரின் பெயர்ப்பலகைகள் இறக்கப்பட்டன. வண்ணார்பண்ணையில் 1848இல் எழுதத் தொடங்கிய அவ்விண்ணப்பக் கோவையும் அத்துடன் கட்டி வைக்கப்பட்டது.